ரசியா மிஸ்ஸும் லைப்ரரி அக்காவும்

நூலகர் வேலையில் இருப்பவரிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி புத்தகத்தைப் பற்றியது அல்ல, செல்போன் சார்ஜரை எங்கே குத்துவது என்பதுதான். முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த என் சக ஜீவன்களே, நீங்கள் எந்த ஊர்க் கல்லூரியில் இருந்தாலும் இதற்குத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். பெயர் கோகிலா. நெல்வயல் தவளைகளை ஆராய்ந்து விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நூலகத்தின் பெருமையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து படுகிற வயிற்றெரிச்சலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். அதை நான் சொல்லிவிடுகிறேன்.

பிடித்தவள் நான்

ரசியாவும் நானும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அவள் பாலக்காட்டுக்காரி. அவளுடைய அத்தாவுக்கு அங்கே கடைவீதியில் ஜவுளிக்கடை. எனக்கு ஊர் பெருமாட்டி. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். அவள் தவளைகள் எழுப்பும் சத்தத்தை ஆராய்ந்தாள், நான் தவளைகளையே ஆராய்ந்தேன். மழைக்காலத்தில் பொழுது சாயும் நேரம் எங்கள் வரப்பில் இரண்டு பேரும் நடப்போம். ஒலிப்பதிவுக் கருவி அவள் கையில், தவளை என் கையில். தவளை என்றாலே அவளுக்கு நடுக்கம். கத்தியது எந்த வகை என்று தெரிய வேண்டுமே, அதற்காக நான் சேற்றில் இறங்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். அவள் தள்ளி நின்றுகொண்டு, "பாத்துட்டேன்டி, விட்டுரு, விட்டுரு" என்று கத்துவாள். தவளையைவிட அதிகம் கத்தியது அவள்தான்.

பட்டம் வாங்கியதும் ஒரே கல்லூரியில் ஒரே விலங்கியல் ஆசிரியர் வேலைக்கு இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். அவளுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டாம் இடம். அவள் என்னைவிட நன்றாகப் பேசினாள், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏனம்மிணி, அந்தப் புள்ள தவக்களையத் தொடவே பயந்துக்குமே?" என்றார்.

விருந்தினர்

அதன்பிறகு பல வருஷம் நான் கெஸ்ட் லெக்சரர். அதாவது விருந்தினர். விருந்து யாரும் வைக்கவில்லை. ஜூனில் கூப்பிடுவார்கள், மார்ச்சில் மறந்துவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வருஷம், பொள்ளாச்சியில் ஒரு வருஷம். இதற்குள் ரசியா வேலையில் நிரந்தரமாகி, ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் அனுமதி வாங்கிவிட்டாள். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார், கல்லூரி நூலகருக்கும் ஆசிரியருக்குச் சமமான பதவிதானாம், அதற்குப் படியேன் என்று. தபால் வழியில் நூலக அறிவியல் படித்தேன், தகுதித் தேர்வும் எழுதினேன். வேலை கிடைத்தது. எந்தக் கல்லூரியில் என்று கேட்கிறீர்களா? ரசியா இருக்கும் அதே கல்லூரியில்தான்.

முதல் நாள் ரசியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உண்மையான சந்தோஷம் அவளுக்கு. அடுத்த வாரம் தன் முதலாண்டு வகுப்பை நூலகம் பார்க்கக் கூட்டி வந்து, "இவங்களும் என்னய மாதிரி டாக்டர்தான், தவளை பத்தி எது கேட்டாலும் சொல்வாங்க" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினாள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன் வரிசையில் நின்ற, வண்ணாமடையிலிருந்து வரும் பையன் ஒருவன் என்னையும் என் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "டாக்டருன்னா அப்பறம் எதுக்குங்கக்கா இங்க உக்காந்திருக்கீங்க?"

கூப்பிடுகிற பெயர்

அந்தப் பையன் சொன்ன 'அக்கா' அப்படியே ஒட்டிக்கொண்டது. ரசியா 'மிஸ்'. இயற்பியல் துறைக்கு நேற்று வந்த, ஆராய்ச்சியே முடிக்காத பெண்ணும் 'மிஸ்'. நான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லைப்ரரி அக்கா, மலையாளப் பிள்ளைகளுக்கு லைப்ரரி சேச்சி. இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் டாக்டர் இல்லை.

அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். ரசியாவுக்கு 'டாக்டர் ரசியா, விலங்கியல் துறை'. எனக்கு 'நூலகம், செருப்பை வெளியே விடவும்'. பிரின்சிப்பால் மலையாளி, ஆனால் சித்தூர்க்காரர்களோடு பேசிப் பழகியதால் நல்ல தமிழ் பேசுவார். அவரிடம் போய், என் பலகையிலும் பட்டத்தைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று மெல்லச் சொன்னேன். அவர் அன்பானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போடலாம் கோகிலா, ஆனா ஒரு பிரச்னை உண்டு, பசங்க காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருவாங்க" என்றார்.

தர மதிப்பீடு

கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. ரசியா தன் ஆய்வகத்தில் தவளைச் சத்தங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தாள். அந்தத் தவளைகளில் பாதி என் அப்பா வயலில் கத்தியவை. நான் நூலகத்தில் பழைய ஆராய்ச்சி இதழ்களையெல்லாம் பொருளடக்கம் போட்டு, எந்த மாணவர் எதைத் தேடினாலும் கணினியில் கிடைக்கும்படி செய்து வைத்திருந்தேன். கண் எரிய எரியச் செய்த வேலை. எப்படி விளக்குவது என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன்.

குழு ஆய்வகத்திலேயே அரை நாள் நின்றுவிட்டது. தவளை கத்தக் கத்தக் கைதட்டல் என் அறைவரை கேட்டது. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து நூலகத்துக்கு வந்தார்கள். அந்தப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். நான் கணினியைத் திறந்தேன். குழுத்தலைவர் ஜன்னலோரம் போய் நின்று, சட்டைக் காலரை விலக்கிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அப்பாடா, காலேஜிலேயே இங்கதான் நல்ல காத்து வருது."

நன்றி

ரசியாவிடம் ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி மூன்றாம் வருஷத்தில் என்னைத் தேடி வந்தாள். ஒரு பழைய கட்டுரை வேண்டும், எங்கும் கிடைக்கவில்லை, அது இல்லாமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது என்று கண் கலங்கினாள். நான் தெரிந்த நூலகர்களுக்கெல்லாம் எழுதினேன். கடைசியில் வடக்கே ஒரு நூலகத்திலிருந்து அது வந்து சேர்ந்தது. அவளிடம் கொடுப்பதற்கு முன் நானும் படித்தேன். படித்ததும் அவளுடைய ஆய்வேட்டின் வரைவை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வகைத் தவளைகளுக்குப் பெயரை மாற்றிப் போட்டிருந்தாள். முதுகுக் கோட்டைப் பார்த்தால் ஒன்றுபோல்தான் இருக்கும், விரல் நுனியைப் பார்த்தால்தான் தெரியும். எடுத்துச் சொன்னேன். ரசியா அதைக் கேட்டுவிட்டு, "தப்பிச்சோம்டி" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

பட்டம் வாங்கி அந்தப் பெண் மிட்டாயோடு வந்தாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை ஆவலோடு திருப்பினேன். கடவுளுக்கு நன்றி. ரசியா மிஸ்ஸுக்கு ஒரு முழுப் பத்தி நன்றி. மாமனார் மாமியாருக்கு நன்றி. தட்டச்சு செய்துகொடுத்த கடைக்காரருக்கு இனிஷியலோடு நன்றி. கடைசி வரியில் 'நூலகப் பணியாளர்களுக்கும்'. என் முகம் போன போக்கை அவள் பார்த்திருக்க வேண்டும். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரப் போடத்தான் நெனச்சேன், லைப்ரரி அக்கான்னு மட்டும்தானுங்களே எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குப் பதிலாக வந்தவர்

ஒரு மழைநாளில் வாசல்படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. நீண்ட விடுப்பு. எனக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒருவரைப் போட்டார்கள். மாரியப்பன். ஊர் தேவிகுளம், அம்மா தேயிலை பறிப்பவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆசிரியர் வேலை கிடைக்காமல் என்னைப் போலவே நூலகப் படிப்பும் படித்தவர். சாவியும் கணினியின் கடவுச்சொல்லும் வாங்க வீட்டுக்கு வந்தார். ஒல்லியாக, குரல் எழும்பாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு டாக்டர் நூலகர், அதிலும் கணக்கு. பிள்ளைகள் பக்கத்திலேயே போக மாட்டார்கள். புத்தகத்தைக் கொடுப்பார், வாங்குவார், நான் திரும்பி வரும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து, என் மாவுக்கட்டைக் கவலையோடு பார்த்துச் சொன்னார்: "நீங்க கால நல்லா நீட்டிப் படுங்கக்கா, லைப்ரரிய நா பாத்துக்கிடுதேன்."

ஜன்னலோர மேசை

திரும்பி வந்த அன்று நூலகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இதழ்கள் கிடந்த பெரிய மேசை ஜன்னலோரம் போயிருந்தது. சுவரில் ஒரு வெள்ளைப்பலகை. அதில் அழிக்காமல் விட்ட கணக்கு ஒன்று. மதியம் பிள்ளைகள் கும்பலாக உள்ளே வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை பேரை ஒன்றாக அங்கே பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் அத்தனை முகமும் ஒருசேரச் சுருங்கியது. "சார் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்கு என் கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

நூலக உதவியாளர் சந்திரேட்டன்தான் சொன்னார். கணக்கில் தோற்ற பிள்ளை ஒன்று புத்தகம் கேட்டு வந்ததாம். மாரியப்பன் புத்தகத்தைக் கொடுத்ததோடு, உட்கார வைத்து ஒரு கணக்கும் போட்டுக் காட்டினாராம். மறுநாள் அது தோழிகளைக் கூட்டி வந்ததாம். அப்புறம் தினமும் மதியம் வகுப்புதானாம். குழு ரசியாவின் ஆய்வகத்தில் கைதட்டியபோது எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை. எனக்கு ஒரு வகுப்பறை இல்லையே என்று இத்தனை வருஷம் நான் ஏங்கிய அதே அறையில், வந்து நாலு நாள் ஆவதற்குள் ஒருவர் வகுப்பறையை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார். "யாரைக் கேட்டு இங்கே வகுப்பு நடந்தது? யார் அனுமதி கொடுத்தது?" என்று சந்திரேட்டன் மேல் பாய்ந்தேன். அவர் தோளைக் குலுக்கி, "அனுமதி ஆரும் குடுக்கலை மேடம், வேண்டாமுன்னும் ஆரும் சொல்லலை" என்றார்.

என் வகுப்பு

ஒரு கணக்கு வாத்தியாரால் முடியுமென்றால் என்னால் முடியாதா? மதியம் ஜன்னலோர மேசையில் தவளைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எழுதி ஒட்டினேன். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒருவன் வந்தான், சார்ஜரைக் குத்திவிட்டுப் போய்விட்டான். நான் கொண்டுபோயிருந்த படங்களை நானே புரட்டிக்கொண்டிருந்தேன். சந்திரேட்டன் பாவப்பட்டு எதிரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார், அப்படியே தூங்கிப்போனார்.

மூன்றாம் நாள் வணிகவியல் படிக்கும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். நான் விடவில்லை. தவளை எப்படித் தோலால் தண்ணீர் குடிக்கிறது, கோடையில் மண்ணுக்குள் எப்படிக் கிடக்கிறது, முதல் மழைக்கு எப்படி எழுந்து வருகிறது என்று மணி அடிக்கும்வரை சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டாள். தவளைப் பாடத்தில் உனக்கு அவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டேன். அவள் நேர்மையான பெண். "அந்த சார் சொன்னா எனக்குக் கணக்கே புரிஞ்சுதுங்க. நீங்க சொன்னா தவக்களையாச்சும் புரியுமான்னு பாக்க வந்தனுங்க" என்றாள்.

கஞ்சிக்கோட்டு நாற்காலி

அந்தப் பெண் நாலைந்து பேரைக் கூட்டி வரத் தொடங்கியிருந்த சமயம். ரசியா ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கஞ்சிக்கோட்டைத் தாண்டி ஒரு புதுக் கல்லூரி, விலங்கியல் துறைக்குத் தலைவர் வேண்டுமாம், உன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்றாள். போனேன். இந்த முறை நன்றாகப் பேசினேன். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 'டாக்டர் கோகிலா, துறைத்தலைவர்' என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்த வரியை வீட்டுக்காரர் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். காலையில் ஒரே வண்டியில் போகலாம் என்று அவர் ஹெல்மெட்கூட வாங்கிவிட்டார். அப்பா தோப்பில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்தாராம்.

பிரின்சிப்பாலிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து கைகுலுக்கி வாழ்த்தினார். என்னை விட மனமில்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நின்றேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "கவலைப்படாதீங்க கோகிலா, மாரியப்பனைக் கூப்பிட்டுப் பேசறேன், பிள்ளைகளுக்கும் சந்தோஷமாவும்."

ரசியா சொன்னது

நான் நூலகத்துக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார் வர்றாருங்களாக்கா? நெசமாவே வர்றாருங்களா?" நீங்கள் போகிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் தவளைப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கும்பலில் நின்றார்கள். நான் பொருளடக்கம் போட்ட இதழ்கள், நான் வரவழைத்த கட்டுரைகள், ஜன்னலோர மேசை, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒல்லி மனிதர் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. துறைத்தலைவர் நாற்காலி அதற்கப்புறம் என் மனதில் நிற்கவே இல்லை. அன்று சாயங்காலமே, வேலைக்கு வரவில்லை என்று கஞ்சிக்கோட்டுக்கு எழுதிப்போட்டேன்.

வீட்டுக்காரர் ஹெல்மெட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. ரசியா அப்படிப்பட்டவள் அல்ல. மறுநாள் காலையிலேயே நூலகத்துக்கு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரிய பெரிய காரணமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நூலகப் பணியின் மேன்மை, பிள்ளைகளின் எதிர்காலம். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சேற்றில் நான் நின்றதையும் வரப்பில் தான் நின்றதையும் மறக்காதவள் அவள். கோபமும் சிரிப்புமாகச் சொன்னாள்: "என் வேலை மேல உனக்குப் பொறாமைன்னு எனக்கு அப்பவே தெரியும்டி. இப்ப உன் வேலை மேலயே உனக்குப் பொறாமையா?"

தேவிகுளம் போனேன்

பிரின்சிப்பால் அதற்குள் மாரியப்பனிடம் பேசியிருந்தார் என்று தெரிந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபோன் செய்து, நான் போகவில்லை, உங்களுக்கு ஆசை காட்டிவிட்டதுபோல ஆகிவிட்டது என்றேன். அவர் சிரித்தார். தேவிகுளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் நூலகராக நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாம், மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவிடம் போய்விட்டு வரலாமாம். "அக்கா, இங்க பிள்ளைக தவளையப் பத்திக் கேக்குதுக, எனக்குக் கணக்கத் தவுர ஒண்ணும் தெரியாது. ஒருநா வந்து பேசுதீகளா?" என்று கேட்டார்.

ரசியாவையும் இழுத்துக்கொண்டு போனேன். நூலகம் நிறையப் பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு, மேலே வெள்ளையாக மூடுபனி. புத்தகத்தில் பொட்டுத் தூசி இல்லை. இப்படி ஓர் இடத்தில் யார்தான் நன்றாக வேலை செய்ய மாட்டார்கள் என்று ரசியாவின் காதில் சொன்னேன், அவள் கிள்ளினாள். நான் பேசினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்து, எந்தக் காலேஜில் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பாடம் எடுப்பதில்லை, நானும் உங்கள் சார் மாதிரி லைப்ரேரியன்தான் என்றேன், முதல்முறையாகக் கொஞ்சம் கர்வத்தோடு. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க சார் மாதிரியா? அவுக மாதிரி ஒருத்தரும் கெடையாது டீச்சர்."

ஆகவே, டாக்டர் பட்டத்தோடு நூலகத்துக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, தாராளமாக வாருங்கள், வேலை அருமையான வேலை, என் கல்லூரிக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.